கண்ணீருக்குச் சொல்லலாம், துக்கத்துக்குச் சொல்ல மாட்டார்கள்

அப்புக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். ஐப்பசி மழையில் செத்துப்போன பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் கழித்து ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதுவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுகிறது. இதில் சிரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு எங்கே நேரம். உன் பெண்டாட்டி கலை, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்வெட்டர் வாங்க பஜாருக்குப் போயிருக்கிறாள். இந்தச் சித்திரை வெயிலில் நெய்வேலியில் எவன் ஸ்வெட்டர் விற்கிறானோ தெரியவில்லை, நாலு கடை ஏறி இறங்கித்தான் வருவார்கள். அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் உனக்குப் புரியாது. எதையாவது நடுவில் இருந்து ஆரம்பித்தால் "மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்று என் வாயை மூடுவாயே, அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

கலைக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாசம் கிளம்ப வேண்டும். பாப்பாவைக் கையோடு கூட்டிப் போவதா, இல்லை ஒரு வருஷம் என்னிடம் விட்டுவிட்டு, அங்கே கால் ஊன்றிய பிறகு அழைத்துக்கொள்வதா என்று என்னைக் கேட்டிருக்கிறாள். "நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் அத்த" என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் டிக்கெட் போட வேண்டும். ஒரு டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நான் சொல்ல வேண்டும். உன் பெண்டாட்டி எவ்வளவு பெரிய பாரத்தை எவ்வளவு மரியாதையாகத் தூக்கி என் தலையில் வைத்திருக்கிறாள் பார்.

நீ போன புதிதில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். திருவதிகையில் இருந்து அவள் அப்பா வந்து, "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டார். "இதுவும் என் வூடுதாம்ப்பா" என்றாள். நான் சமையல்கட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குழம்பில் புளியை அள்ளிக் கொட்டுகிறாள் என்று நீ குறை சொல்வாயே அப்பு, இப்போதும் அப்படித்தான் கொட்டுகிறாள். நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நீயும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெண்டாட்டி குழம்பைக் குறை சொல்கிற ஆம்பளை, அந்த நேரத்தில் ஒரு வாய் கூடச் சாப்பிட்டிருக்கலாம். உனக்கு இப்போது புத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதே. சொல்லிப் பழகிய வாய்.

அப்புறம் ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், முகம் கூடக் கழுவாமல் கேட்டாள். "அத்த, வெளிநாட்டுக்குப் போற நர்ஸுங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சை ஒண்ணு இருக்கு. எழுதிப் பாக்கட்டா?" மனசு வேறு பக்கம் திரும்பினால் நல்லதுதானே என்று "எழுதும்மா" என்றேன். அதற்குப் போனிலேயே வகுப்பு. கேரளாவில் இருந்து ஒரு மிஸ் பாடம் நடத்துவாள், தமிழும் பேசுவாள். தினம் ஒரு வார்த்தை கொடுப்பாள், அதன் அர்த்தம், அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பதோடு. கலை அந்த வார்த்தையைக் கீரை ஆய்ந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டு நாள் பூரா சொல்லிக்கொண்டே இருப்பாள். வீடு முழுக்க இங்கிலீஷ். எதிர்வீட்டு சரோஜா கேட்பாள், "இன்னாக்கா, மாமியாரும் மருமவளும் கலெக்டராபீஸ் கெளம்பறீங்களா?"

அப்படி ஒருநாள் அவள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை காப்பியஸ். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "காப்பியஸ், காப்பியஸ்" என்று அவள் சொன்னதும் கஞ்சி என் கையில் கொட்டிவிட்டது. ஏனென்றால் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எங்கே கேட்டேன் என்று அவளிடம் அப்போது சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். குள்ளஞ்சாவடி தாண்டி மழையில் உன் வண்டி சறுக்கிய அன்று, யாரோ புண்ணியவான்கள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் பண்ணினார்கள். கலை டியூட்டியில் இருந்ததால் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். உன்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து, எதிரே வந்த இன்னொரு டாக்டரிடம் இங்கிலீஷில் வேகமாக என்னமோ சொன்னார். அதில் எனக்குத் தனியாகக் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். என்னிடம் "வெயிட் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தேன் அப்பு. பெரிய மருந்து, அதைக் கொடுத்தால் நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வார்த்தையையே சாமி பெயர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு, அந்த மருந்து அங்கே கிடைக்கவில்லையோ, கடலூருக்குக் கொண்டுபோயிருந்தால் கிடைத்திருக்குமோ என்று ஓயாமல் நினைத்தேன். இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், கிடைத்திருக்கும் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அன்றைக்குக் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "அது இன்னாம்மா, மாத்திரையா?" கலை சிரித்துவிட்டாள். "மாத்திரை இல்ல அத்த. நெறையன்னு அர்த்தம்."

நிறைய. அவ்வளவுதான். அத்தனை மாசம் நான் தூக்கிச் சுமந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம். பேசாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "அப்ப இட்லி காப்பியஸா இருக்குன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது அத்த. ஒண்ணு ரெண்டுன்னு எடுத்து வெக்கிற பொருளுக்கு வராது. கொட்டுற மாதிரி, வழியற மாதிரி வர்றதுக்குத்தான் சொல்லுவாங்க. மழ, வேர்வ, சளி. வகுப்புல பக்கம் பக்கமா எழுதித் தள்ளுறாங்களே, அந்த நோட்ஸுக்குக் கூடச் சொல்லுவாங்க."

"ஜனங்களுக்கு? தேர்ல காப்பியஸா கூட்டம்?"

"ஊஹூம்."

"மைன்ஸ் பள்ளம்? அத வுடப் பெருசு இந்த ஊர்ல இன்னா இருக்குது?"

"அத்த, அது பெருசு. பெருசு வேற, நெறைய வேற. பள்ளத்துக்குச் சொல்ல மாட்டாங்க. அதுலேர்ந்து ராத்திரி பகலா எறைக்கறாங்களே தண்ணி, அதுக்குச் சொல்லலாம்."

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. உன் அப்பா அந்தப் பள்ளத்தில்தானே முதலில் கான்ட்ராக்ட், அப்புறம் பர்மனென்ட் என்று காலம் தள்ளினார். கரி எடுக்க வேண்டுமானால் அடியில் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பள்ளம் முழுகிவிடும் என்பார். அந்தத் தண்ணீர்தான் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கும் வரும், அங்கே குழாயை மூடிய ஞாபகமே எனக்கு இல்லை. அப்பா ரிட்டயர் ஆகி, நாம் டவுன்ஷிப்புக்கு வெளியே இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பழக்க தோஷத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட, தொட்டி காலியாகி நீ தலையில் சோப்போடு குளியலறையில் இருந்து கத்தினாயே. "குவார்ட்டர்ஸ் மகாராணி, தண்ணி எங்க?" என்று நீ கேட்டதைக் கலையிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். உன் பெயர் வந்து அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அதற்காகவே அந்த வார்த்தையை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

அப்புறம்தான் கேட்டேன். "கண்ணீருக்குச் சொல்லலாமா?"

"சொல்லலாம் அத்த. கண்ணீருக்கு ரொம்பப் பொருத்தம்."

"துக்கத்துக்கு?"

கலை மடித்துக்கொண்டிருந்த பாவாடையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "துக்கத்துக்குச் சொல்ல மாட்டாங்க அத்த. வெளில வர்றதுக்குத்தான் சொல்லுவாங்க. உள்ள இருக்கறதுக்கு வேற வார்த்தைங்க இருக்குது." நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நிறையதான். இட்லியும் நிறைய, கூட்டமும் நிறைய, துக்கமும் நிறைய. இங்கிலீஷ்காரன் எதை எதில் கலக்கக் கூடாது என்று பிரித்து வைத்திருக்கிறான். நம் ஊர் நிறைய எனக்கு வசதி. ஆனாலும் அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று பட்டது.

பரீட்சையில் பேசிக் காட்ட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. ஒருவர் பேஷண்ட், ஒருவர் நர்ஸ். கார்டில் போட்டிருக்கிற சங்கதியை வைத்துப் பேச வேண்டும். பேஷண்டுக்கு எங்கே போவாள், நான்தான் பேஷண்ட். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துக்கொள்வேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான்தான் இன்றைக்கு உங்கள் நர்ஸ் என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பாள்.

"வாம்மா, உக்காரு. காபி போடட்டா?"

"ஐயோ அத்த, பேஷண்ட் எங்கனா நர்ஸுக்குக் காபி போடுவாங்களா?"

"வூட்டுக்கு வந்தவள சும்மா அனுப்புவாங்களா?"

"இது ஆஸ்பத்திரி அத்த. செரி, உங்களுக்கு வயித்துவலி. எப்ப ஆரம்பிச்சது?"

"மொத ஷிப்ட் வுட்டு ஆளுங்கள்லாம் வூட்டுக்கு வர நேரம்."

அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். "அயர்லாந்துக்காரனுக்கு மொத ஷிப்ட் எப்ப வுடுதுன்னு எப்படித் தெரியும்? மணியச் சொல்லுங்க." மணி சொல்ல எனக்கு வரவில்லை அப்பு. இந்த ஊரில் வாக்கப்பட்ட நாளில் இருந்து எனக்குக் காலை என்றால் முதல் ஷிப்ட், சாயங்காலம் என்றால் ரெண்டாவது ஷிப்ட். போனில் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மிஸ்ஸும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சிறுநீரகக் கல் என்று கார்டு. கலை என்னிடம், காப்பியஸாகத் தண்ணீர் குடியுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். மிஸ் உடனே தடுத்தாள். "கலைச்செல்வி, அது டாக்டருக்கு எழுதும்போது போடற வார்த்தை. எதிர்ல உக்காந்திருக்கிற பேஷண்ட்கிட்ட ப்ளென்டின்னு சொல்லு. நோயாளிக்குச் சாதாரண வார்த்தைதான் போய்ச் சேரும்." அர்த்தம் ஒன்றுதான், பேப்பருக்கு ஒரு வார்த்தை, ஆளுக்கு ஒரு வார்த்தை. நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்தபடி, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை நினைத்துக்கொண்டேன். பேப்பருக்கான வார்த்தைதான் என் காதில் விழுந்தது. எனக்கான வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. சின்னப் பையன், அதைத் தமிழில் சொல்ல அவனுக்குத் தைரியம் வந்திருக்காது.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கவனித்தேன், அவள் ஒரு கார்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் அடியில் செருகிவிடுகிறாள்.

"அது இன்னா, அத வுட்டுட்ட?"

"அது வேணாம் அத்த."

"பரீட்சையில அது வந்தா வேணாம்னு சொல்லுவியா? எடு."

எடுத்தாள். வண்டியில் அடிபட்ட ஒரு பையன், வெளியே காத்திருக்கிற அவன் அம்மா. அந்த அம்மாவிடம் நர்ஸ் போய் நிலைமையைச் சொல்ல வேண்டும். கலை தலையைக் குனிந்துகொண்டாள். நான் தலைத்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்தேன். "சொல்லு. நான் அந்தப் பொம்பளையா இருக்கேன். மொதல்ல தமிழ்ல சொல்லு, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லிக்கலாம்."

கார்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அத்தை என்று கூப்பிடவில்லை. "அம்மா, நான் இங்க நர்ஸ். உங்க பையனுக்குத் தொடையில பெரிய அடி பட்டிருக்குது. நெறைய ரத்தம் போயிடுச்சும்மா. நாங்க ரத்தம் ஏத்திகினுதான் இருக்கோம். ஆனா போனது ரொம்ப அதிகம். பொழைக்கறது கஷ்டம்மா."

கார்டில் அந்த அம்மா கேட்பதற்கு என்னென்னமோ போட்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. "அவனுக்கு வலிச்சுதா?" என்று கேட்டேன்.

கலை நர்ஸாகவே இருந்தாள் அப்பு, குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. "மொதல்ல வலிச்சிருக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ரத்தம் போகப் போகக் குளிரும். அதுக்கப்புறம் தூக்கம் வர மாதிரிதான் இருக்கும்."

"ஏதாச்சும் மருந்து இருந்து, கெடைக்காமப் போச்சா?"

"இல்லம்மா. மருந்து எதுவும் இல்ல. யாரும் எதையும் வுட்டுடல."

அதற்குப் பிறகு நான் அந்த வார்த்தையைக் கேட்ட கதையைச் சொன்னேன். அவள் நர்ஸாக இருந்ததை விட்டுவிட்டு என் மடியில் தலையை வைத்தாள். ரெண்டு பேரும் அழுதோம், அந்த வார்த்தைக்குப் பொருத்தமாகவே அழுதோம். பாப்பா வந்து எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரீட்ச கஷ்டமா ஆயா?" என்று கேட்டாள்.

பரீட்சையில் கலை ஜெயித்துவிட்டாள். ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் நிஜம், ரிசல்ட் வந்த அன்று ஜெயிக்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்ததும் நிஜம். வேலையும் விசாவும் அதுபாட்டுக்கு வந்து சேர்ந்தன, பாப்பாவுக்கும் சேர்த்து. அப்புறம்தான் போன வாரம் கலை சொன்னாள். "புதுசா ஒரு ஊரு, நைட் டியூட்டி வேற. பாப்பா ஒரு வருஷம் உங்ககிட்ட இருக்கட்டுமா அத்த? உங்களுக்கும் தொணையா இருக்கும்." எனக்காகத்தான் சொல்கிறாள் என்று தெரியும். சரி என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உன் அப்பாவும் போய், நீயும் போய், இந்த வீட்டில் பாப்பாவின் கொலுசுச் சத்தமும் இல்லாமல் போனால் நான் யாருக்குச் சமைப்பேன். சரோஜா வேறு வேலி ஓரம் வந்து சொல்கிறாள், "வெச்சுக்கக்கா. பேத்தி உன் கையில இருந்தாத்தான் மருமவ திரும்பி வருவா." அவள் சொன்னது காதில் விழாத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை.

சரி என்று சொல்லியிருப்பேன் அப்பு. முந்தாநாள் கலைக்கு டியூட்டி முடிந்து வர நேரமாகிவிட்டது. பாப்பா அழவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பால் கொடுத்தேன், குடித்தாள். கதை சொன்னேன், ம் கொட்டினாள். செருப்பை மட்டும் கழற்றவில்லை. கலை வந்து கேட்டைத் திறந்ததும் ஓடக்கூட இல்லை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு மேல்பட்டாம்பாக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கும் அப்போது பாப்பா வயதுதான், நாலு நடந்துகொண்டிருந்தது. எனக்குக் காசநோய் என்று சொல்லி, பிள்ளையைக் கிட்டே சேர்க்கக் கூடாது என்றுவிட்டார்கள். என் அக்கா, உன் பெரியம்மா, உன்னை மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மாத்திரை தின்று தேறி நான் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. உன்னைக் கூட்டிப்போக நானும் அப்பாவும் வந்தபோது, நீ அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாசப்படியில் நின்றிருந்தாய். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாய் என்று நினைத்துக் கையை நீட்டினேன். நீ நின்ற இடத்தில் இருந்தே என்னைப் பார்த்து "வாங்க" என்றாய். பெற்றவளைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சொன்னாள், "தங்கமான புள்ளடி. ஒருநாள் கூட உன்னக் கேட்டு அழுததில்ல." அதை நான் பெருமையாக குவார்ட்டர்ஸ் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ வளர்ந்த பிறகு ஒருதரம் கேட்டதற்கு, "எனக்குப் பெரியம்மா சுட்ட முறுக்குதாம்மா ஞாபகம் இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாய். அத்தோடு நானும் விட்டுவிட்டேன். இப்போது கேட்க அக்காவும் இல்லை.

தெருமுனையில் பாப்பா குரல் கேட்கிறது. கலை உள்ளே வந்ததும் எத்தனை டிக்கெட் என்று கேட்பாள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் நீ எனக்குச் சொல்ல வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் நீ நிஜமாகவே அழவில்லையா அப்புக்குட்டி, இல்லை, யாருக்கும் தெரியாமல் அழுது தீர்த்துவிட்டுத்தான் என்னை "வாங்க" என்று கூப்பிட்டாயா?